பழைய நேப்பிள்ஸ் மாண்டலினை விற்பதற்கு முன் அதன் நிலையை எப்படி விவரிக்க வேண்டும்?

நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் மாண்டலினின் சிப்பி வேலைப்பாடுதான் கண்ணைப் பறிக்கிறது. விவரணையில் அதற்கு ஒரு வரி போதும். விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது கழுத்தைப் பற்றித்தான். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான மெட்டுகளில் 12-ஆவதன் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. 4 என்றால் கழுத்து முன்னால் இழுபட்டிருக்கலாம். இவ்வகைப் பழைய கருவிகளில் கழுத்துக்குள் முடுக்கிச் சரிசெய்யும் இரும்புத் தண்டு கிடையாது. கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரையைத் தேய்த்துத் தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. அதன்பின் கழுத்தைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டியதுதான். அந்தக் கூலி பல சமயம் கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்து மேல் பலகை. குதிரைக்குச் சற்றுப் பின்னால் அது மடிந்து கீழே சரிவதைப் பார்த்து, "வளைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். ஸ்புரூஸ் பலகையைச் சூடேற்றி வேண்டுமென்றே மடித்த மடிப்பு அது. எட்டுக் கம்பிகளின் அழுத்தத்தைத் தாங்க உதவுகிறது. ஒலித்துளையை ஒட்டிப் பலகை குழிந்திருந்தால் அதுதான் பழுது. மர இழை போகும் திசையில் விட்ட வெடிப்பு அவ்வளவு பெரிய குறையல்ல, மறைக்காமல் சொன்னால் போதும்.

பின்பக்கக் குடம் மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டிச் செய்தது. எத்தனை பட்டிகள் என்று எண்ணிச் சொல்லுங்கள். மலிவான கருவிகளில் குறைவு, உயர்ந்தவற்றில் முப்பதுக்கு மேலும் இருக்கும். இருட்டறையில் ஒலித்துளை வழியாகச் சிறு விளக்கை உள்ளே விட்டால், பிரிந்த இணைப்புகளில் வெளிச்சம் கசியும். வச்சிரம் என்னும் பழைய விலங்குப் பசை பிடி விட்டிருந்தால் கவலையில்லை, சூடும் ஈரமும் பட்டால் இளகி மறுபடி ஒட்டும். எவராவது எபாக்சி என்ற செயற்கைப் பசையைப் பூசியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பழுது பார்ப்பவர்கள் அதைக் கண்டால் சபிப்பார்கள்.

ஒலித்துளை அருகே பதித்த பழுப்புத் தகடு அழுங்காமை என்ற கடலாமையின் ஓடா, செல்லுலாய்டு பிளாஸ்டிக்கா என்பதும் முக்கியம். ஆமை ஓடு என்றால் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு வரும். உரிய அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும்.

விற்கும்வரை கம்பிகளைத் தளர்த்தியே வையுங்கள். இன்று கடையில் கிடைக்கும் கம்பிகளில் பல அமெரிக்க பாணி மாண்டலினுக்கானவை. அவ்வளவு தடிமனை இந்தக் கழுத்து தாங்காது.