பழைய கார்களில் ஏலகிரிக்கு: நிதி திரட்டும் பயணம் பற்றிக் கேள்வி பதில்

சென்னையிலிருந்து பழைய கார்களில் கூட்டாக ஏலகிரிக்குப் போய், வழியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நிதி கொடுக்கத் திட்டமிடும் நண்பர்கள் கேட்டவை இவை.

அண்ணே, என் அம்பாசடர் வெயிலில் திடீரென்று நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானாகக் கிளம்புகிறது. அதை நம்பி வரலாமா? (தாம்பரம்)

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள். இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. ஒன்று வேப்பர் லாக். பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருப்பதால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் அந்த ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போய்ச் சேராது. இன்னொன்று, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். சூடானால் அதுவும் இப்படியே மக்கர் பண்ணும். அடுத்த முறை நின்றதும் ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஸ்பார்க் தரும் பாகங்களான காயில், கண்டென்சர், பாயின்ட் பக்கம் போங்கள். வந்தால் பெட்ரோல் பக்கம்தான் கோளாறு. பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். பெட்ரோல் குழாய் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போனால் தள்ளி மாற்றுங்கள். அப்புறம், விடிவதற்கு முன்பே கிளம்புவோம். ஏறக்குறைய 230 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் வேலூரைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் என் ஹெரால்டு காருக்கு ஆகுமா சார்? (குரோம்பேட்டை)

பெருங்களத்தூரில் ஹெரால்டு செய்த காலத்தில் போட்ட ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஹோஸ் உப்பி விரிசல் விடும், பம்புக்குள் இருக்கும் ரப்பர் தகடான டயாஃப்ரம் கெட்டுப்போகும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். உபரி டயாஃப்ரம் ஒன்றும், கையெட்டும் இடத்தில் தீயணைப்பானும் வேண்டும்.

மலை இறங்கும்போது பிரேக் பிடிக்குமா? (ஆவடி, பத்மினி கார்)

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால், டிரம் சூடாகிப் பிடிமானம் போய்விடும். பழைய பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருக்கும். சூட்டில் கொதித்தால் பெடல் அப்படியே தரையில் இறங்கும். கிளம்பும் முன் புது ஆயில் ஊற்றுங்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான், பொறுமையாகப் போனால் போதும். கொல்லிமலையின் 70 வளைவுகளை முதல் பயணத்துக்குச் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

பழைய கார் என்று தனியாகச் செய்யும் விண்டேஜ் பதிவு கட்டாயமா?

இல்லை. 2021இல் வந்த அந்த விதி 50 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். மற்றவர்கள் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் சரி.

நன்கொடையில் டீசல், சாப்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ளலாமா? சர்வீஸ் வேனும் வருகிறதே. (அம்பத்தூர்)

கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். நம் ஆசைக்கு நாம் ஓட்டுகிறோம். எரிபொருள், அறை, சாப்பாடு, வேன் எல்லாம் நம் பையிலிருந்து. கொடுப்பவர் கொடுக்கும் ரூபாய் முழுசாக இல்லத்துக்குப் போக வேண்டும். நம்மில் யாருடைய கணக்கிலும் பணம் வாங்காதீர்கள், நேராக இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். இல்லத்துக்கு, நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதி இருந்தால் ரசீதும் அவர்களே தருவார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளோடு படம் எடுத்துப் போட்டால் இன்னும் நிதி வருமே? (போரூர்)

வரலாம், ஆனாலும் வேண்டாம். இல்லத்தில் இருக்கும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், உதவி வாங்குகிற முகமாக ஒரு பிள்ளையை ஊருக்குக் காட்ட நமக்கு என்ன உரிமை? கார்களைப் படம் எடுங்கள். பிள்ளைகளை ஸ்டீயரிங் பிடிக்க விடுங்கள், ஹாரன் அடிக்க விடுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு. வருகிற நேரத்தை இல்லத்து நிர்வாகியே சொல்லட்டும். பரீட்சை நேரமாக இருந்தால் தேதியை மாற்றுவோம்.

என்னிடம் கார் இல்லை. நானும் வரலாமா ஐயா? (காஞ்சிபுரம்)

தாராளமாக. சர்வீஸ் வேனில் கைகொடுக்க ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பாயின்ட் செட், கண்டென்சர், கயிறு, இரண்டு கேன் தண்ணீர் எல்லாம் உங்கள் பொறுப்பு. கடைசி வண்டிக்குப் பின்னால்தான் வேன் வர வேண்டும், முந்தக் கூடாது.