ஈயமும் கரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பம்பு உறைகள் வார்த்தே காலம் போயிற்று. இப்போது மகள் வீட்டில், கொலராடோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர். கார் ஷெட்டில் சின்ன மின்உலை வைத்து ஈயம் உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டுச் சுடும் பழங்காலத் துப்பாக்கி அவருடையது. என் கண்ணுக்கு அருமையாக வந்திருக்கும் வார்ப்பில் பாதியை மறுபடி உலையில் போடுகிறார். எங்கள் பட்டறையில் இந்த அளவு ரிஜெக்ஷன் வந்தால் ஷிப்டையே மாற்றிவிடுவார்கள். கடையில் தோட்டா கிடைக்கும் ஊரில் ஏன் இந்தப் பாடு? ஒவ்வொரு குண்டிலும் ஏதோ கொழுப்பு தடவுகிறார். பார்த்ததும் 1857 ஞாபகம் வந்தது. பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைகளை அழித்தது இந்தத் துப்பாக்கிதான், அவரோடு என்ன பேச்சு என்கிறாள் மகள். அவரோ பிரியமாக என் கையில் ஒரு குண்டைக் கொடுத்தார். ஊருக்கு எடுத்து வரலாமா?

ந., கோவை

அன்புள்ள ந.,

வார்ப்பு தெரிந்தவரிடம் இதைப் பேசுவது சுலபம். ரிஜெக்ஷனிலிருந்தே தொடங்குகிறேன்.

பம்பு உறையின் உள்ளே சின்ன புளோ ஹோல், அதாவது வார்ப்புக்குள் வெற்றிடம், இருந்து, அது கசியாத இடமாகவும் இருந்தால் உறை இருபது வருடம் ஓடிவிடும். துப்பாக்கிக் குண்டு அப்படித் தப்பிக்க முடியாது. ஷார்ப்ஸ் என்ற பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளம் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று திரும்பும். குண்டு நொடிக்கு 1,300 அடி வேகத்தில் வெளியேறினால், அது நொடிக்கு எண்ணூறுக்கும் மேலான சுற்றில் சுழன்றுகொண்டு போகிறது. உள்ளே ஊசிமுனையளவு வெற்றிடம் மையம் விலகி இருந்தாலும் அந்தச் சுழற்சியில் குண்டு தள்ளாடும். நூறு கஜத்தில் தெரியாத தள்ளாட்டம் ஆயிரம் கஜத்தில் இலக்குப் பலகையையே தவறவிடும். அதனால்தான் எடை போடுகிறார்கள். 500 கிரெய்ன் குண்டு என்றால் சுமார் 32 கிராம். ஒரு கிரெய்ன் குறைந்தாலே தனியாக ஒதுக்குபவர்கள் உண்டு. ஈயத்தில் எடை குறைகிறதென்றால் உள்ளே காற்று இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, குண்டின் அடிப்பக்கம். மூக்கில் சின்னக் கீறல் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். அடிவிளிம்பு மழுங்கியிருந்தால் உடனே உலைக்குத்தான். குழல் வாயைக் கடைசியாக விட்டு வெளியேறுவது அடிப்பக்கம். விளிம்பு ஒரு பக்கம் குறைவாக இருந்தால் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். அடுத்த முறை அவர் வார்க்கும்போது அச்சின் மேல்தகட்டைக் கவனியுங்கள். துளைக்கு மேல் ஈயம் குவியும்படி தாராளமாக ஊற்றி, அது உறையும்வரை காத்திருப்பார். உங்கள் ரைசர் செய்யும் அதே வேலைதான் அது. குண்டு இறுகிச் சுருங்கும்போது மேலே இருக்கும் குவியலிலிருந்து ஈயம் உள்ளே இறங்கும். அவசரப்பட்டுத் தகட்டைத் தட்டித் திருப்பினால் அடிப்பக்கத்துக்குச் சற்று உள்ளே புளோ ஹோல்.

முதலில் வருபவை எப்படியும் போகும். தோசைக்கல் சூடாகாமல் ஊற்றிய முதல் தோசை மாதிரி, அச்சு சூடேறும்வரை குண்டுகள் சுருக்கம் விழுந்துதான் வரும். மிதமிஞ்சிச் சூடானால் மேற்பரப்பு பனி படிந்ததுபோல வெளுக்கும். வெளுத்தது பெரிய குற்றமில்லை, சுருக்கம்தான் குற்றம். பளபளப்பை வைத்து நீங்கள் தரம் பார்த்திருந்தால் அங்கேதான் இருவருக்கும் கணக்கு வேறுபட்டிருக்கும்.

உலையில் வெறும் ஈயம் இருக்காது. இருபது பங்குக்கோ முப்பது பங்குக்கோ ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்திருப்பார். சுத்த ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகினாலும் அச்சின் மூலைகளுக்குள் ஏறச் சோம்பல்படும். வெள்ளீயம் அந்தப் பரப்பிழுவிசையைக் குறைத்து ஓடவைக்கும், கொஞ்சம் கடினமும் தரும். கொஞ்சம்தான் தர வேண்டும். தோட்டாவில் இருக்கும் பழங்கால வெடிமருந்தான கருமருந்து ஒரே அடியாக உதைக்கும்போது மெத்தென்ற குண்டின் அடிப்பகுதி பிதுங்கி வரிப்பள்ளங்களை அடைத்துக்கொள்கிறது. ஆண்டிமனி என்ற உலோகம் சேர்த்த கெட்டியான கலவை அப்படிப் பிதுங்காது. வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தைக் குழலில் பூசிவிட்டுப் போகும்.

இனி கொழுப்பு. இந்தத் துப்பாக்கிகளின் கதை முழுக்கக் கரியோடு நடத்தும் சண்டை என்பது என் எண்ணம். கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கும் மேல் வாயுவாகப் போவதில்லை, திடமான கரியாகிறது. இரண்டு மூன்று தடவை சுட்டால் குழல் நுனியில் அது வறண்டு செதில் கட்டும். நாலாவது குண்டு அந்தச் செதிலில் உரசி வழி தவறும். தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் அல்லது தாவர எண்ணெயும் கலந்த பூச்சு அந்தக் கரியை இளக்கமாக வைத்திருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு முறை சுட்டதும் ஒரு குழாயைத் துப்பாக்கியின் பின்பக்கத்தில் செருகி மூச்சை ஊதுவார்கள். மூச்சிலிருக்கும் ஈரத்துக்காக. சுடுகளத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள், தமாஷாக இருக்கும்.

ஆகவே உங்களுக்கு 1857 நினைவுக்கு வந்தது சரியான இடத்தில்தான். 1853 மாதிரி என்ஃபீல்டு, குழலின் வாய்வழியே குண்டை இறக்கும் துப்பாக்கி. காகிதத் தோட்டாவின் வெளியே தடவிய பசை, குண்டு இறுக்கமில்லாமல் இறங்கவும் கரியை இளக்கவும்தான். எந்தக் கொழுப்பானாலும் அந்த வேலையைச் செய்திருக்கும். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், அது பசு, பன்றிக் கொழுப்பு என்று சிப்பாய்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும், அவரவர் பசையை அவரவரே தயாரித்துக்கொள்ளலாம் என்று ராணுவமே இறங்கிவந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. கோளாறு பசையின் வேதியியலில் இல்லை. அதைப் பல்லால் கடிக்கச் சொன்னவர்கள் கடிப்பவனைப் பற்றி யோசிக்கவில்லை.

கடைத் தோட்டாவுக்கு வருகிறேன். .45-70 என்று பெட்டியில் போட்டிருந்தால் .45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து என்று பொருள். அமெரிக்க ராணுவம் 1873-ல் எடுத்துக்கொண்ட அளவு அது. இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் அதை 1873-ன் பலவீனமான துப்பாக்கியிலும் போடக்கூடும் என்பதால் சாதாரணப் பெட்டிகளில் மென்மையாகவே நிரப்புகிறார்கள். .44-77 போன்றவற்றைச் சாதாரணக் கடையில் தேட வேண்டாம். அதைவிட முக்கியம், பழைய குழல்கள் எல்லாம் ஒரே அளவில்லை. பெயர் ஒன்று, உள்விட்டம் வேறு. மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழலில் தட்டி ஓட்டி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற அச்சைத் தேடுகிறார்கள். அதற்கும் பிறகு மருந்தை அடைக்கும் பித்தளைக் கூடு, மருந்தின் அளவு, கலவை என்று அந்த ஒரு குழல் எதை விரும்புகிறது என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

பலன் உண்டா? நீங்கள் இருக்கும் கொலராடோவிலேயே ஆதாரம் இருக்கிறது. போல்டர் ஊர்க்காரரான சார்லஸ் ரோலண்ட் 1901-ல் 200 கஜத்தில் பத்துக் குண்டுகள் சுட்டார். பத்துத் துளைகளின் மையங்களும் 0.725 அங்குலத்துக்குள் அடங்கின. ஈயக் குண்டு, ஹாரி போப் என்ற குழல் வினைஞர் கடைந்த குழல். அந்தக் காலத்து ஜெர்மானியக் குடியேறிகளின் சுடும் கழகங்களில் சிலர் நாள் முழுக்க ஒரே பித்தளைக் கூட்டையே மேசையில் வைத்துத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுவார்களாம். கூடு மாறினால் அதுவும் ஒரு வித்தியாசம் அல்லவா!

1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மூரில் ஒரு போட்டி நடந்தது. 800, 900, 1,000 கஜம். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளோடு வந்தார்கள். அமெரிக்கர்களிடம் பின்வழி நிரப்பும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். பின்வழி நிரப்புவது தூரத்துக்குத் தாங்காது என்று அப்போது பலர் நினைத்திருந்தார்கள். முடிவு 934-க்கு 931, அமெரிக்கா வெற்றி. இதை வைத்துத்தான் புதிய முறை வென்றது என்று எழுதுகிறார்கள். ஆனால் அயர்லாந்தின் மில்னர் ஒரு குண்டைப் பக்கத்துப் பலகையின் நடுவட்டத்தில் அடித்துவிட்டார், அதற்குப் பூஜ்யம். சொந்தப் பலகையாக இருந்தால் 4 புள்ளி. வரலாறு எத்தனை மெல்லிய விளிம்பில் நின்று தீர்ப்பு சொல்கிறது பாருங்கள். உண்மையில் அன்று தெரிந்தது, நன்றாகத் தயாரித்த ஈயக் குண்டு எந்த வழியாக உள்ளே போனாலும் ஆயிரம் கஜம் போகும் என்பதுதான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏன் இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து போடுவதில்லை என்று கேட்டுவிடாதீர்கள், அரைமணி நேரம் பேசுவார். சுருக்கமாக: அது சின்ன இடத்தை அடைப்பது. பெரிய பழைய கூட்டில் தவறி இரண்டு மடங்கு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, பழைய இரும்பு வெடித்துப்போகும். கருமருந்தைக் குண்டின் அடிவரை இடைவெளியே இல்லாமல் நிரப்புவார்கள். ஈயம் உருக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டில் காபி மட்டும் குடிக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து குடியுங்கள்.

மகள் சொல்வது உண்மை. 1870-களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதனிட்டு ஆலை இயந்திரங்களின் பெல்ட்டாக்க வழி பிறந்ததும் வேட்டைக்காரர்கள் சமவெளிக்குள் குவிந்தார்கள். பகலில் சுடுவது, ராத்திரி முகாம் தீயில் ஈயம் உருக்கி அடுத்த நாளுக்குத் தோட்டா நிரப்புவது. 1880-களின் நடுவில் பெருமந்தைகள் எங்கும் இல்லை. அவற்றை நம்பியிருந்த பூர்வகுடிகளின் சோறும் அதோடு போயிற்று. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் அதே கைவேலைதான், அதே உபகரணம்தான். இதை மழுப்ப மாட்டேன். ஆனால் இன்று இந்தத் துப்பாக்கிகளுக்கென்று நடக்கும் போட்டிகளில் சுடுவது இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறி உருவங்களை. 200 மீட்டரிலிருந்து 500 மீட்டர்வரை. அவர் அதற்குத்தான் போகிறாரா என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். பேசுவதை நிறுத்த நான் காரணம் காணவில்லை. மகளையும் அழைத்துப்போய் பைசன் கேள்வியை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். இந்த வகை மனிதர்கள் பெரும்பாலும் அந்த வரலாற்றை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

குண்டை ஊருக்குக் கொண்டு வராதீர்கள். 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகத்தையும் தோட்டாவாகவே கணக்கில் எடுக்கும். பெட்டியை ஸ்கேன் செய்யும் இடத்தில், அது வெறும் ஈயம்தான், மருந்தில்லை என்று விளக்கிக்கொண்டிருக்க நேரும்; விமானமும் போய்விடும். கிளம்பும் முன் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உலையில் போட்டுக்கொள்வார்.