பியூபிவக்கைனா ரோபிவக்கைனா, எபிடியூரலுக்கு எது நல்லது?

எட்டு மாச கர்ப்பிணி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல போடற எபிடியூரலுக்கு ஒரு ஆஸ்பத்திரில பியூபிவக்கைன்தான் போடுவோம்ங்கறாங்க, இன்னொரு இடத்துல ரோபிவக்கைன், ஹார்ட்டுக்கு சேஃப், கால் மரக்காது, ஆனா காசு கூடங்கறாங்க, எதைத் தேர்ந்தெடுக்கறது டாக்டர்?

ரெண்டும் ஒரே குடும்பத்து, மரத்துப்போக வைக்கற மருந்துதாம்மா. ஹார்ட் பயம் எங்கருந்து வந்துச்சுன்னா, 1970கள்ல பியூபிவக்கைனை 0.75 சதவீதம்னு கெட்டியா போட்டுட்டு இருந்தாங்க, அது தப்பித்தவறி ரத்தக்குழாய்க்குள்ள போயி ஹார்ட் நின்னுட்டா திரும்ப ஓட வைக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடும், அதனால 1984ல அமெரிக்காவுல பிரசவத்துக்கு அந்த 0.75 வேணாம்னுட்டாங்க. ரோபிவக்கைன், லெவோபியூபிவக்கைன் எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான். ஆனா இன்னிக்கு லேபர் வார்டு பம்ப்புல ஓடறது 0.0625ல இருந்து 0.1 சதவீதம், கூட கொஞ்சம் ஃபென்டனில்ங்கற வலி மருந்து. இந்த அளவுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது.

கால் மரக்காதுன்றது பாதிதான் உண்மை. ரோபிவக்கைனுக்கு வீரியம் கம்மி, பியூபிவக்கைன்ல சுமார் 60 சதவீதம்தான். ரெண்டையும் ஒரே பெர்சன்டேஜ்ல போட்டுட்டு இதுல கால் நல்லா ஆடுதுன்னா, டிகாஷன் கம்மியா ஊத்திட்டு காபி கசக்கலன்னு சொல்ற கதைதான். வலி சரிசமமா போற அளவுக்கு ஏத்திப் பாத்தா வித்தியாசம் ரொம்பவே சுருங்கிடும்.

இதே குடும்பத்துல லிக்னோகைன்னு இன்னொண்ணு இருக்கு, அது சட்டுனு வேலை செய்யும், சீக்கிரம் இறங்கியும் போயிடும், திரும்பத் திரும்பப் போட்டா கேக்காது. அவசரமா சிசேரியன்னு ஆச்சுன்னா எபிடியூரலுக்கு முதுகுல வச்ச அதே ட்யூப்ல 2 சதவீதம் அட்ரினலினோட கொடுப்போம், அங்கதான் அதுக்கு மவுசு.

என்னைக் கேட்டா மருந்து பேருக்காக காசு கூடக் கொடுக்க வேணாம். எத்தனை பெர்சன்டேஜ் போடுவீங்க, மயக்க டாக்டர் ராத்திரிலயும் இருப்பாரா, 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் கைக்கெட்டற தூரத்துல இருக்கான்னு கேளுங்க (மருந்து ரத்தத்துல ஏறி ஹார்ட்டைப் படுத்தினா அந்தப் பால் மாதிரி பாட்டில்தான் காப்பாத்தும்). ட்யூப் வச்சதும் ரத்தம் வருதான்னு இழுத்துப் பாத்துட்டு கொஞ்சமா மருந்து விட்டு, காது கொய்ங்குதா, நாக்கு மரக்குதான்னு கேப்போம், லேசா இருந்தாலும் உடனே சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்க ஹெபரின் மாதிரி ஊசி ஏதாவது போட்டுட்டு இருந்தீங்கன்னா, கடைசியா எத்தனை மணிக்குப் போட்டதுன்றதையும் முதல்லயே சொல்லிடணும், அது தெரியாம முதுகுல ஊசி வைக்கவே மாட்டோம்.