வாகனம் கேள்வி – பதில்: ஆக்டேவியாவுக்கு எந்த இன்ஜின், என்ன பராமரிப்பு?

ஸ்கோடா ஆக்டேவியாவின் மூன்றாம் தலைமுறை 2013 முதல் 2020 வரை இங்கே விற்பனையில் இருந்தது. செகண்ட்ஹேண்ட் சந்தையில் அது இப்போது கட்டுப்படியாகும் விலைக்கு இறங்கியிருப்பதால், அதைப் பற்றிய கேள்விகளாக வந்து குவிகின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

2015–2018 ஆக்டேவியா ஒன்று வாங்க நினைக்கிறேன். மாதம் 900 கி.மீ. ஓட்டம், பெரும்பாலும் ஊருக்குள். 1.4 பெட்ரோல், 1.8 பெட்ரோல், 2.0 டீசல் மூன்றும் கிடைக்கின்றன. எதை எடுக்கலாம்? – வாசகர், ஈரோடு

உங்கள் ஓட்டத்துக்கு 1.4 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்). இதில் வந்தது 6 கியர் மேனுவல் மட்டும்தான். 2017இல் மாடலைப் புதுப்பித்த பிறகு வந்த வண்டிகளில் 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். டர்போ 1,500 சுற்றிலேயே வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், ஊருக்குள் அடிக்கடி கியர் மாற்றும் அவஸ்தை இல்லை.

1.8 டிஎஸ்ஐயில் 180 பிஎஸ் இருக்கிறது. ஆனால் முறுக்குவிசை அதிலும் அதே 250தான். அதோடு வரும் 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச் வகை, 250க்கு மேல் தாங்காது. இன்ஜின் அந்த அளவோடு நிறுத்தப்பட்டதற்குக் காரணம் இதுவே. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது இந்தக் கிளட்ச் சூடாகித் தேயும். 1.8தான் வேண்டும் என்றால், வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு 20 நிமிடம் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறினாலோ, ரிவர்ஸ் விழத் தாமதித்தாலோ விலை குறைத்துப் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். கிளட்ச், மெகட்ரானிக் (டிஎஸ்ஜியின் கட்டுப்பாட்டு யூனிட்) செலவு நீங்கள் குறைத்துப் பேசிய தொகையைத் தின்றுவிடும்.

2.0 டிடிஐ (டர்போ டீசல்) 143 பிஎஸ், 320 நியூட்டன் மீட்டர். மூன்றில் நெடுஞ்சாலைக்கு இதுதான் ராஜா. இதன் 6 கியர் டிஎஸ்ஜி ஆயிலில் மூழ்கிய கிளட்ச் வகை, உறுதியானது; 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் தினமும் 5 கி.மீ. போய் நிறுத்தினால் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அடையும். மாதம் 2,000 கி.மீ. ஓடுபவருக்குத்தான் டீசலைச் சொல்வேன்.

என் 1.8 டிஎஸ்ஐக்கு 3,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. சர்வீஸில் "டர்போ வண்டி அப்படித்தான் குடிக்கும்" என்கிறார்கள். உண்மையா? – வாசகர், நாகர்கோவில்

கையேடு 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை அனுமதிக்கிறது. உங்களுடையது மூன்றில் ஒரு பங்கு லிட்டர், ஆகவே அவர்கள் சொல்வது விதிப்படி சரி. ஆனால் இந்த இன்ஜினுக்கு இது நல்ல அறிகுறி இல்லை. ஸ்கோடாவின் முந்தைய லாரா, சூப்பர்ப் வண்டிகளின் 1.8 டிஎஸ்ஐ பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிப்பதில் பேர்போனது. ஆக்டேவியாவில் இருப்பது அதைத் திருத்தி வந்த தலைமுறை, அதனால் இவ்வளவு குடிக்கக் கூடாது.

முதலில் கணக்கை உறுதி செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு, திரும்ப அதே கோட்டைத் தொட எவ்வளவு ஊற்றினீர்கள் என்று அளவுக் குவளையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிசிவி வால்வு, அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றுங்கள். மூடி பிடுங்க முடியாதபடி உறிஞ்சினாலோ, விசில் சத்தம் வந்தாலோ உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. ஆயில் ஆவி நேரே இன்டேக்குக்குப் போய் எரிகிறது. முழு யூனிட்டாக மாற்ற வேண்டும். விலையில் இதுதான் சின்ன வேலை, அதனால் இதை முதலில் பார்க்காமல் யாரையும் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். சவ்வு சரியாக இருந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கம்ப்ரெஷன், லீக்-டவுன் சோதனை (சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்று பார்ப்பது). ஆயில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கம்ப்ரெஷன் சரியாகவே காட்டலாம் என்பதை மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள்.

ஆயில் 5டபிள்யூ-40, டப்பாவில் விடபிள்யூ 502 00 (ஃபோக்ஸ்வாகன் தர எண்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது. கொள்ளளவு ஏறத்தாழ 5.2 லிட்டர், 4.5 ஊற்றி, இன்ஜினை ஓட்டி அணைத்து, டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கோட்டைத் தாண்டினால் அதுவும் பிசிவி வழியே எரியும். 15,000 கி.மீ. இடைவெளி நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அதிகம். 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். 1.4க்கு 4 லிட்டர், டீசலுக்கு 4.7 லிட்டர், டீசலில் விடபிள்யூ 507 00.

1.4 டிஎஸ்ஐயில் கூலன்ட் இரண்டு மாதத்தில் கால் டப்பா குறைகிறது. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. ஹெட் கேஸ்கெட் போயிருக்குமா? – வாசகர், கோவை

அவசரப்பட வேண்டாம். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே கசிவது கியர்பாக்ஸ் மேல் விழுந்து சூட்டில் காய்ந்துவிடும், தரைக்கு வராது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு உப்புப் படிவு தெரியும். கூட்டோடு பம்பையும், அதை ஓட்டும் சிறு பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலன்ட் ஜி13 அல்லது ஜி12 ஈவோ, பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். பச்சை கூலன்ட், குழாய்த் தண்ணீர் இரண்டும் கூடாது. படிவே இல்லாமல், ஆயில் மூடியில் வெண்ணெய் போல ஏதாவது தெரிந்தால் அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

2014 டீசல், 1,35,000 கி.மீ. டைமிங் பெல்ட் மாற்றியதாக ரசீது இல்லை. – வாசகர், மதுரை

ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் ஒருபக்கம் இருக்க, ரப்பருக்கு வயதும் உண்டு. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை முட்டும், ஹெட்டே போய்விடும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் ரோலர்கள், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில். பம்பை ஓட்டுவது அதே பெல்ட்தான். பழைய பம்பை விட்டுவிட்டால் அது கசியும்போது கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கேம், கிராங்க் பூட்டும் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடுகிறது. கோளாறா? – வாசகர், திருச்சி

இல்லை. டர்போ சூட்டைத் தணிக்க அப்படி ஓடும்; பேட்டரியைக் கழற்றி நிறுத்தாதீர்கள். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்த சிறிது நேரத்திலேயே அணைத்தாலும் ஃபேன் ஓடினால் மட்டும் டெம்பரேச்சர் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.