திருகோணமலை உவர்மலையில் ரோசா மொட்டு கருகுவது பற்றி

வணக்கம். நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த ரோசாவில் மொட்டு பட்டாணி அளவிலேயே கருகி விழுகுது, பூத்ததும் சின்னதாக வெளிறிப் போகுது, யூரியா போட்டு இப்பவே கத்தரிக்கவா என்று கேட்டிருந்தீங்கள். இரண்டும் இப்ப வேண்டாம்.

அந்தச் செடி 1,800 மீற்றருக்கு மேலான குளிரில் வளர்ந்தது. இங்க கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசுற மாதங்களில் பகல் 34 பாகை சாதாரணம். அதைவிட இரவு வெக்கைதான் பெரிய தொல்லை. பகலில் இலை சேர்த்த சர்க்கரையில் பெரிய பங்கைச் செடி இரவுச் சுவாசத்திலேயே எரித்துவிடும். மிஞ்சுகிறதும் வேகமாக நீளுகிற துளிருக்குப் போக, மொட்டு பட்டினி. தப்புகிற மொட்டும் அவசரமாக முற்றி விரிவதால் இதழ் குறையும், சிவப்பு நிறமியும் சரியாக ஊறாது. யூரியா போட்டால் துளிர்தான் இன்னும் கொழுக்கும்.

ஒரு மொட்டை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கோ. மெல்லிய பூச்சிகள் ஓடினால் அது பனிப்பூச்சி (இலைப்பேன்), அதுக்கு வேற வைத்தியம்.

இல்லையென்றால் சாடியைக் காலை வெயில் மட்டும் படுகிற, காற்று மறைந்த கிழக்குப் பக்கம் வையுங்கோ. கறுப்புப் பிளாஸ்ரிக் சாடி என்றால் மண்சாடிக்கு மாற்றலாம், வேர் வேகாது. மண்ணுக்கு மேலே தென்னந்தும்பு பரப்பி, தண்ணீரை விடியவே ஊற்றுங்கோ. வருகிற மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கோ, இலை இருக்கட்டும்.

கத்தரிப்பைச் செப்டெம்பர் கடைசிக்குத் தள்ளினால் புதுத் துளிர் மாரி மழையோட வரும். மார்கழி, தைப் பூ நல்லாயிருக்கும். ஆனாலும் நுவரெலியாவில் பார்த்த பருமன் இங்க வராது.