கணினிக் கேள்வி பதில்: பிரவுசருக்குள்ளே வைஸ் சிட்டி

கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் ஆடிய ஜிடிஏ வைஸ் சிட்டி கேமை இப்போது எதையும் இன்ஸ்டால் பண்ணாமல் குரோமிலேயே ஆடலாம் என்கிறான் தம்பி. என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். ஓடுமா, இல்லை வைரஸ் வேலையா?
- வாசகர், மார்த்தாண்டம்

தம்பி சொன்னது சரிதான். 2003-ல் இந்த கேம் கணினிக்கு வந்தபோது கேட்டதே 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 128 எம்பி ராமும்தான், அதற்கு உங்கள் லேப்டாப் தாராளம். ஆனால் பிரவுசரும் ராமைத் தின்னும், அதனால் மற்ற டேப்களை மூடிவிட்டு உட்காருங்கள். கேமின் மூல நிரல் (சோர்ஸ் கோடு) அதை உருவாக்கிய நிறுவனத்திடம்தான் இருக்கிறது, வெளியே விட்டதில்லை. ரசிகர்கள் சிலர் ஓடுகிற கேமையே பிரித்துப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு, அதே மாதிரி நடக்கிற நிரலை சி பிளஸ் பிளஸ் என்கிற கணினி மொழியில் திரும்ப எழுதினார்கள். அப்படி ஒரு நிரல் கையில் இருந்தால் அதை வெப்அசெம்பிளி என்கிற வடிவத்துக்கு மாற்றலாம், பிரவுசர் அதை ஏறக்குறைய சாதாரண புரோகிராம் வேகத்திலேயே ஓட்டும், படம் வரைகிற வேலையை வெப்ஜிஎல் என்கிற பிரவுசர் வசதி வழியாக கிராபிக்ஸ் சிப் பார்த்துக்கொள்ளும்.

வைரஸ் பயம் வீண் பயம் இல்லை. பிரவுசரில் ஓடுகிற கேமுக்கு எந்த இஎக்ஸ்இ ஃபைலும் (விண்டோஸ் புரோகிராம்) தேவையில்லை, 'முதலில் இதை டவுன்லோடு பண்ணு' என்று கேட்டால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள். இன்னொன்று, ஆடும்போது கன்ட்ரோல் கீயும் டபிள்யூ கீயும் சேர்ந்து அமுங்கினால் டேப்பே மூடிக்கொள்ளும், துரத்துகிற போலீசைவிட அது பெரிய தொல்லை.

அப்போ ஃப்ரீயா ஆடலாம்னு சொல்லுங்க! சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லியே?
- வாசகர், நாகர்கோவில்

அவசரப்படாதே மக்கா. நிரலைத் திரும்ப எழுதினாலும் அந்த நகரத்தின் கட்டடங்கள், வண்டிகள், குரல்கள், ரேடியோப் பாட்டு எல்லாம் நிறுவனத்தின் சொத்து. நான் மேலே சொன்ன ரசிகர்கள் மேலேயே இந்த கேமின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. காசு கொடுத்து வாங்கியவர் தன் சொந்த ஃபைலைப் போட்டு ஆடுவது ஒரு மாதிரி, முழு கேமையும் தூக்கி வைத்து ஊருக்கே கொடுக்கிற தளம் வேறு மாதிரி. இரண்டாவது ரகம் இன்றைக்கு இருக்கும், நிறுவனம் ஒரு கடிதம் போட்டால் நாளைக்கு இருக்காது. என்னைக் கேட்டால், பிரவுசரில் ருசி பார்க்கலாம், கடைசி வரை ஆடுகிற ஆசை இருந்தால் வாங்கிவிடுவதுதான் நல்லது.

பாதி கேம் வரை வந்துவிட்டேன். பிரவுசரைச் சுத்தம் பண்ணியதும் சேவ் எல்லாம் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, குளச்சல்

கிடைக்காது. இந்த மாதிரித் தளங்கள் பெரும்பாலும் சேவ் ஃபைலை பிரவுசரின் சொந்தச் சேமிப்பில்தான் வைக்கின்றன. 'சைட் டேட்டா' என்பதை டிக் பண்ணி அழித்தால் அதுவும் சேர்ந்து போகும், இன்காக்னிட்டோவில் ஆடினால் ஜன்னலை மூடியதுமே போகும். இனிமேல், சேவ் பண்ணியதைத் தனி ஃபைலாக எடுத்துவைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆடத் தொடங்குங்கள். வைஸ் சிட்டியில் மிஷன் நடுவில் சேவ் பண்ண முடியாது, வீட்டுக்குப் போய் அந்த கேசட்டைத் தொட வேண்டும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கரண்டை நம்பி வரிசையாக நாலு மிஷன் ஓட்டாதீர்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கிற மகன் இதைத்தான் ஆடுகிறான். இன்ஸ்டால் பண்ணவில்லை, வெறும் வெப்சைட்தானே என்கிறான். விடலாமா?
- ஒரு அம்மா, தக்கலை

வேண்டாம் அக்கா. பிரவுசரில் வந்தாலும் கேம் அதேதான்: போதை வியாபாரம், துப்பாக்கி, கெட்ட வார்த்தை. அமெரிக்காவிலேயே 17 வயதுக்கு மேல்தான் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆப் இன்ஸ்டால் ஆகாமல் தடுக்கிற பூட்டு இங்கே உதவாது, அவன் கணக்கை கூகுள் ஃபேமிலி லிங்க்கில் (பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கண்காணிக்கும் வசதி) சேர்த்து அந்தத் தளத்தையே தடுங்கள். கார் ஓட்டுவதுதான் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றால் வெறும் கார் ரேஸ் கேம் எத்தனையோ இருக்கிறது, அதில் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள்.