ஹட்சனுக்குப் பிறகு இரண்டாமிடம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பற்றி முன்பு நீங்கள் எழுதியதில் ஒரு வரி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் டான் ஹட்சனுக்குப் பிறகு வந்த வைட் ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) எல்லாரும் இரண்டாமிடத்துக்குத்தான் போட்டி போடுகிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். நான் மில்வாக்கியில் இருப்பவன். வேலை செய்யும் இடத்தில் இதைச் சொன்னேன், சிரித்துவிட்டார்கள். அங்கே ஒருவர் டொனால்ட் டிரைவர் பக்கம். அணியின் வரலாற்றிலேயே அதிக கேட்ச், அதிக யார்டு (பிடித்து முன்னேறிய தூரம்) இரண்டும் டிரைவருடையதுதானே என்கிறார். நான் டவான்டே ஆடம்ஸ் கட்சி.

ஹட்சன் 1930களில் ஆடியவர். பாதி வீரர்கள் போருக்குப் போயிருந்த காலத்தில் எண்ணிக்கையைக் குவித்தவர். கறுப்பின வீரர்களையே சேர்க்காத லீகில் ஆடியவர். அவரை எப்படி இவர்களுக்கு மேலே வைக்க முடியும்? பழையது எல்லாமே உசத்தி என்கிற பழக்கம்தானே இது? உங்கள் வரிசையையும் காரணத்தையும் எழுத வேண்டும். ஸ்டெர்லிங் ஷார்ப்பை எங்கே வைப்பீர்கள் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மில்வாக்கி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆட்சேபங்களில் கனமானது கறுப்பின வீரர்களைப் பற்றியதுதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகில், ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. அணி முதலாளிகள் பேசாமலே கடைப்பிடித்த ஏற்பாடு அது. ஹட்சன் ஆடியது 1935 முதல் 1945 வரை, அதாவது முழுக்க அந்த வேலிக்குள். 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் உடி ஸ்ட்ரோடையும் சேர்த்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆகவே அவருடைய எண்களைத் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும் என்றால் எனக்குச் சம்மதம். எவ்வளவு தள்ளுபடி என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

1942ஐப் பாருங்கள். 11 ஆட்டங்களில் 74 கேட்ச், 1,211 யார்டு, 17 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது). ஒரே சீசனில் 1,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள் அவர். அந்த வருடம் கேட்ச் எண்ணிக்கையில் அவருக்கு அடுத்து வந்தவர் பிடித்தது 27. ஹட்சனின் எண்ணைப் பாதியாக வெட்டுங்கள், அப்போதும் அவர்தான் முதலில் நிற்கிறார். போர்க்கால லீக் பலவீனமானது என்பது சரி. ஆனால் அந்தப் பலவீனம் மற்ற ரிசீவர்களுக்கும் கிடைத்ததுதானே? அவர்களால் ஏன் 40, 50 பிடிக்க முடியவில்லை? தவிர, 1936இல் போரே கிடையாது. அந்த வருடமும் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் லீகில் முதலிடம் அவருக்குத்தான். அணிக்குச் சாம்பியன் பட்டமும் வந்தது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான வாதம். பிராட்மேன் இன்று ஆடினால் 99.94 வருமா என்று கேட்பார்கள். வராது. ஆனால் அவரோடு ஆடியவர்களில் யாருக்கும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை என்பதற்கு அது பதிலாகாது.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை, ஓரத்திலிருந்து ஓடிப்போய், கூடவே ஒட்டிக்கொண்டு வரும் டிஃபென்டரை ஏமாற்றிப் பிடிப்பவர்தான் வைட் ரிசீவர். ஓட்டம் எங்கே திரும்பும், எத்தனையாவது அடியில் நிற்கும் என்பதெல்லாம் முன்பே பேசி வைத்தது. அதற்கு ரூட் என்று பெயர். ஹட்சன் வருவதற்கு முன் பாஸ் என்பது பெரும்பாலும் வேறு வழியில்லாதபோது எறிந்து பார்ப்பது. 1933இல் விதியைத் தளர்த்தினார்கள். அதுவரை எறிபவர், ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் கோட்டுக்கு 5 யார்டு பின்னால் நின்றாக வேண்டும். அதன் பிறகு கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் எறியலாம் என்றானது. அடுத்த வருடம் பந்தையும் ஒல்லியாக்கினார்கள். வசதி எல்லா அணிகளுக்கும் ஒன்றுதான். அதை வைத்து என்ன செய்யலாம் என்று செய்து காட்டியது அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து 1935இல் வந்த இந்த ஒல்லிப் பையன். சிகாகோ பேர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், பேக்கர்ஸின் முதல் முயற்சியிலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்ததைப் பிடித்து ஓடி 83 யார்டு டச்டவுன். ஆட்டம் 7-0 என்று முடிந்தது. அப்புறம் எதிரணிகள் அவருக்கென்று இரண்டு பேரை, சில நேரம் மூன்று பேரைப் போட ஆரம்பித்தன. இன்று ஆடம்ஸ் மாதிரி ஒருவரைச் சுற்றி டிஃபென்ஸ் போடும் திட்டங்களின் ஆரம்பம் அதுதான்.

(அவர் கிரீன் பேவுக்கு வந்ததே ஒரு கதை. புரூக்ளின் அணிக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எந்த உறையில் தபால் முத்திரை முன்னால் விழுந்ததோ அந்த அணிக்கே வீரர் என்று லீக் தலைவர் ஜோ கார் தீர்ப்புச் சொன்னாராம். கிரீன் பே 17 நிமிடம் முந்தியது என்பார்கள்.)

உங்கள் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. 1945 அக்டோபர் 7 அன்று மில்வாக்கியில் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக ஒரே கால்பகுதியில் ஹட்சன் 29 புள்ளிகள் எடுத்தார். 4 டச்டவுன்களுக்கு 24, கூடவே டச்டவுன்களுக்குப் பிறகு அவரே உதைத்து எடுத்த 5 எக்ஸ்ட்ரா பாயிண்ட். ஆம், உதைப்பதும் அவர்தான். டிஃபென்ஸிலும் நின்றார், இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) கணக்கு வைக்க ஆரம்பித்த 1940க்குப் பிறகு மட்டும் 30 எடுத்திருக்கிறார். அலுவலகத்தில் சிரித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிசீவரின் மொத்த எண்ணிக்கையில் அவருக்கு எறிந்தவரின் பங்கு இருக்கிறது, சீசனுக்கு எத்தனை ஆட்டம் என்பதன் பங்கும் அந்தக் காலத்து விதியின் பங்கும் இருக்கிறது. ஹட்சன் காலத்தில் சீசனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள். 1978 முதல் 16. 2021 முதல் 17. அதனால் கூட்டுத்தொகையை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். அவர் இருக்கிறார் என்பதற்காக எதிராளி எவ்வளவு மாற வேண்டியிருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

அப்படிக் கடைசியாகப் பார்த்தாலும் ஹட்சனின் 99 டச்டவுன் எளிதில் உடைகிற எண்ணாக இல்லை. 1946க்குப் பிறகு லீக் எல்லாருக்கும் திறந்தது, ஆட்டங்கள் கூடின, பாஸ் பெருகியது. பால் வார்ஃபீல்ட் 85இல் நின்றார், டான் மேனார்ட் 88இல். ஸ்டீவ் லார்ஜென்ட் 100ஐப் பிடித்தது 1989இல். போட்டி பலவீனமாக இருந்ததால் மட்டும் வந்த எண் என்றால் 44 வருடம் நிற்குமா? நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கேட்ச், யார்டு சாதனைகள் 1963லேயே போய்விட்டன. முந்தியவர் பில்லி ஹௌட்டன், அவரும் பழைய பேக்கர்தான். 1952இல் முதல் சீசனிலேயே 1,231 யார்டு எடுத்தவர், வீரர்கள் சங்கத்தின் ஆரம்பகாலத் தலைவர். 1959இல் பயிற்சியாளராக வந்த வின்ஸ் லொம்பார்டி அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார். ஜெயிக்க ஆரம்பித்த அணியில் இல்லாமல் போனதாலேயே கிரீன் பேவில் அவர் பெயரைச் சொல்வார் இல்லை.

இனி ஷார்ப். அவருக்கு இரண்டாமிடம். இங்கேதான் நீங்கள் கோபப்பட வேண்டும், ஹட்சனிடம் அல்ல.

1988இல் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஏழாவது ஆளாக எடுத்தார்கள். இரண்டாவது சீசனிலேயே 90 கேட்ச், லீகில் முதலிடம். அப்போது எறிந்தவர் டான் மஜ்கோவ்ஸ்கி. 1992இல் பிரெட் ஃபாவ் என்ற முரட்டுக் கைக்காரர் வந்தார், எங்கே எறிவார் என்று அவருக்கே தெரியாத பருவம். அந்த வருடம் ஷார்ப் 108 கேட்ச், 1,461 யார்டு, 13 டச்டவுன். மூன்றிலும் லீகில் முதல். அடுத்த வருடம் 112. அதற்கடுத்த வருடம் 18 டச்டவுன். ஃபாவை உருவாக்கியதில் பயிற்சியாளர்களின் பங்கைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தப்பான இடத்துக்கு வந்த பந்தையும் சரியான பந்தாக்கிக் கொடுத்த ஒருவர் அந்த மூன்று வருடமும் எதிர்முனையில் இருந்தார் என்பதைப் பேசுவதில்லை. 1994 ஜனவரியில் டெட்ராய்டில் நடந்த பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் பாருங்கள். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது ஃபாவ் இடது பக்கம் ஓடிக்கொண்டே மைதானத்தின் குறுக்கே வலது மூலைக்கு 40 யார்டு எறிகிறார். அங்கே ஷார்ப் தனியாக நிற்கிறார். அன்று அவருக்கு அது மூன்றாவது டச்டவுன்.

7 சீசன், 112 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு கழுத்தில் காயம், 1994 சீசனோடு எல்லாம் முடிந்தது. 1997 ஜனவரியில் பேக்கர்ஸ் சூப்பர் பௌல் (லீகின் இறுதி ஆட்டம்) ஜெயித்தபோது அவர் அணியில் இல்லை. அவருடைய தம்பி ஷானன் ஷார்ப் டென்வரில் ஆடியவர். ஷானன் தன் முதல் சூப்பர் பௌல் மோதிரத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த மோதிரம் 1998 ஜனவரியில் கிரீன் பேவைத் தோற்கடித்து வாங்கியது! 2011இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் (சிறந்த வீரர்களை ஓட்டுப் போட்டுச் சேர்க்கும் கௌரவ மண்டபம்) போகும்போது, என் வீட்டிலேயே நான் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரன்தான் என்று மேடையில் சொன்னவரும் அவர்தான். அண்ணனுக்கு அந்தக் கதவு திறக்க 2025 ஆனது. ஆடிய காலத்தில் ஸ்டெர்லிங் பத்திரிகைக்காரர்களிடம் பேசமாட்டார். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் பத்திரிகைக்காரர்கள். மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஆடம்ஸ் எனக்கு மூன்றாவது, மயிரிழையில். அவருக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம், ஆரன் ராஜர்ஸ் எறிந்தால் யாரும் பிடிப்பார்கள் என்பது. 2022இல் ஆடம்ஸ் ரெய்டர்ஸுக்குப் போய் பெரும்பாலும் டெரெக் கார் எறிந்ததை வைத்து 1,516 யார்டும் 14 டச்டவுனும் எடுத்ததோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். 2015இல் பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்த அதே ஆளை வெளியே அனுப்பச் சொல்லிக் கத்தியவர்கள் உங்கள் ஊரிலேயே நிறையப் பேர் இருந்திருப்பார்கள். 2020இல் 14 ஆட்டங்களில் 18 டச்டவுன் எடுத்து ஷார்ப்பின் அணிச் சாதனையைத் தொட்டார். 2021இல் 123 கேட்ச், 1,553 யார்டு. கோட்டிலிருந்து கிளம்பும் அந்த முதல் இரண்டு அடிகளில் எதிராளியின் இடுப்பை வேறு பக்கம் திருப்பிவிடுவதில் இந்த அணியில் அவருக்கு நிகர் இல்லை. ஷார்ப்புக்குக் கீழே வைக்க எனக்கு இருக்கும் ஒரே காரணம், ஆடம்ஸுக்கு எறிந்தவர் ஏற்கெனவே முழுமையடைந்தவர் என்பதுதான். பலவீனமான காரணம் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஜேம்ஸ் லோஃப்டன் நான்காவது. அணிக்காக 9,656 யார்டு, கேட்சுக்குச் சராசரி 18 யார்டுக்கு மேல். அவர் வந்த 1978இல்தான் 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரை இடிக்கக் கூடாது என்ற விதி வந்தது. அதைப் பயன்படுத்தி நீண்ட பந்துகளை அவர் அளவுக்குத் துரத்தியவர்கள் குறைவு. 1983லும் 1984லும் சராசரியில் லீகிலேயே முதல். ஆனால் அந்த அணி 8 வெற்றி 8 தோல்வி என்றே வருடத்தை முடிக்கும். 1981லிருந்து 1985வரை நான்கு முறை அதே கணக்கு.

டிரைவர் ஐந்தாவது. உங்கள் சக ஊழியரின் வாதத்தில் தகவல் சரி: 743 கேட்ச், 10,137 யார்டு. 1999இல் 213ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், ஹூஸ்டனில் வீடில்லாமல் வளர்ந்தவர், 14 சீசன் நின்றார். ஆனால் எந்த ஒரு சீசனிலும் கேட்ச், யார்டு, டச்டவுன் எதிலும் லீகில் முதலிடம் இல்லை. அவருக்காக எதிரணிகள் தங்கள் ஆட்டத்தை மாற்றிய காலம் என்று ஒன்றை என்னால் சுட்ட முடியவில்லை. ஜோர்டி நெல்சனை அவருக்கு மேலே வைக்கலாம் என்று அடிக்கடி தோன்றும். 2014இல் 1,519 யார்டு, முழங்கால் போய் ஒரு சீசனை இழந்து திரும்பி வந்த 2016இல் 14 டச்டவுன். அடுத்த தடவை கேட்டால் இடம் மாற்றிச் சொன்னாலும் சொல்வேன். கிரெக் ஜென்னிங்ஸ், அன்டோனியோ ஃப்ரீமேன் இருவரும் அதற்குக் கீழே. மாக்ஸ் மெக்கீ வரிசையிலேயே வரமாட்டார், ஆனால் முதல் சூப்பர் பௌலுக்கு முந்தைய இரவு முழுக்க ஊர் சுற்றிவிட்டு வந்து 138 யார்டும் 2 டச்டவுனும் எடுத்தவரைப் பெயர் சொல்லாமல் விட மனமில்லை.

2025 டிராஃப்டில் மேத்யூ கோல்டனை முதல் சுற்றில் எடுத்தார்கள். இந்த அணி ஒரு ரிசீவருக்கு முதல் சுற்றைச் செலவழித்தது 2002க்குப் பிறகு அப்போதுதான். ஜென்னிங்ஸ், நெல்சன், ஆடம்ஸ் மூவரும் இரண்டாம் சுற்று. உங்கள் அலுவலகத்தில் இதற்குள் அவரையும் வரிசையில் சேர்த்திருந்தால், குறைந்தது மூன்று சீசன் ஆடட்டும், பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.